பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வூடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். சில கோபங்களை ஆறவிடக் கூடாது என்பது என் கட்சி. ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படிப்பட்டது. கதைப் புத்தகத்தின் மேல் போய் யாராவது கோபப்படுவார்களா என்று கேட்பவர்கள் மேலே படிக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை நான் முதலில் படித்தது ஒன்பது வயதில், பள்ளிக்கூட அலமாரியிலிருந்து எடுத்து. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. பட்டணத்திலிருந்து மூன்று பிள்ளைகள் லீவுக்கு ஒரு மலைக்கிராமத்துக்கு வருகிறார்கள். பங்களாவில் இருந்த ஒரு பழைய கடிகாரம் களவு போகிறது. மூவரும் துப்பறிகிறார்கள். நடுப்பெண் கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர் தொங்கும். அந்தப் பெண்ணாக நான் எத்தனை நாள் இருந்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளங்கைகளைக் குழலாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரிலிருந்து தெரியும் சித்தேரி மலையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் திருடன் பிடிபடுவான். பட்டணத்து டாக்டர் வேஷத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பான். பேச்சுவாக்கில், "எங்க வூட்டுல கூட இப்படி ஒரு கடிகாரம் இருக்குது" என்று சொல்லிவிடுவான். உடனே பைனாகுலர் பெண் துள்ளி எழுந்து, இவன் டாக்டர் இல்லை, திருடன் என்பாள். பிடித்துவிடுவார்கள்.

அது எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? வீடு வேறு, வூடு வேறு என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் 'வீ' என்ற எழுத்துக்குப் போட்டிருந்த படத்தில் மாடிப்படியும் ரோஜாத் தொட்டியும் இருந்தன. அதுதான் வீடு. எங்களுடையதைப் போல நாட்டு ஓடு போட்டு, மழைக்கு ஒழுகினால் அது வூடு. டாக்டர் என்று சொல்லிக்கொண்டவனுக்கு வீடு அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு இருப்பது வூடுதான் என்று உளறி மாட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணின் மூளையை நினைத்து எனக்குப் புல்லரித்தது. யாரிடமும் சந்தேகம் கேட்கவும் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதே புத்தகத்தைப் பார்த்தேன். புதுப் பதிப்பு, வழவழப்பான அட்டை. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. வாங்கிவிட்டேன். மஞ்சவாடிக் கணவாயின் ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

அது புளி சீசன். என் கணவருக்குப் புளி மண்டி. மண்டியும் வீடும் ஒரே தெருவில், நாலு கடை தள்ளி. மண்டியில் இடம் போதாமல் எங்கள் வாசலிலும் புளி குவிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். அவர்கள் கை பிசுபிசுவென்று இருந்ததால் புத்தகத்தைத் தொட விடவில்லை. நான்தான் உரக்கப் படித்தேன். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். என் மகள் அடுத்து என்ன அடுத்து என்ன என்று உயிரை எடுப்பாள். அவளும் உள்ளங்கையைச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு மலையைப் பார்க்க ஆரம்பித்தபோது, கேட்ட வரம் கிடைத்தது போல இருந்தது எனக்கு.

இரண்டாம் முறை படிக்கும்போது சில இடங்கள் முள்ளாகக் குத்தத்தான் செய்தன. மலைக்காரர்கள் விளைவிக்கும் சாமையைப் புல் என்று எழுதியிருந்தார் ஆசிரியர். களியைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மனுஷன் மலையைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார் என்று முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தது. திருடனுக்கு ஒரு கரகரத்த குரல் வைத்திருந்தேன். அந்தக் குரலில் "எங்க வூட்டுல கூட" என்று படித்தேன். பைனாகுலர் பெண் துள்ளி எழுந்தாள். வீடு என்று சொல்ல வராதவன் படித்தவனாக இருக்க முடியுமா, இது காட்டான்களின் பேச்சு அல்லவா என்றாள். அந்த வரியும் என் வாயிலிருந்து கணீரென்று வந்து விழுந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் இதே வரி இதே இடத்தில்தான் இருந்திருக்கும். என் கண்ணில் படாமல் என்னைக் காப்பாற்றியது என் அறியாமைதான்.

மகன் கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். "அப்பாகூடதான் வூடுன்னு சொல்றாரு. அவரையும் புடிச்சிக்குவாங்களாம்மா?"

வாசலில் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த என் கணவர், "புடிச்சிக்கினு போவட்டும். அங்கியாவது நேரத்துக்குச் சோறு போடுவாங்க" என்றார். அவரும் மகனும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. கையிலிருந்த புளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்தை அடுப்பில் வைத்திருப்பேன். ஆனால் மகள் மறுநாளே அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். அவள் வகுப்பு வாத்தியார் வெளியூர்க்காரர், இளவயசு. புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏக சந்தோஷம். ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாகப் போடலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

மகள் பைனாகுலர் பெண்ணின் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். அந்த வேஷம் மாற்றலாகி வந்த ஓர் ஆபீசரின் பெண்ணுக்குப் போயிற்று. என் மகளுக்குத் திருடன் வேஷம். "உனக்கு மேக்கப்பே வேணாம், வாயத் தொறந்தாப் போதும்" என்றாராம் வாத்தியார். வகுப்பே சிரித்ததாம். இதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கு முன்னால் அவள் தினமும் மதியம் பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட வந்ததும் மண்டி வாசலில் நின்று, "அப்போவ், வூட்டுக்கு வாங்க, சோறு ஆறுது" என்று தெருவே கேட்கக் கத்துவாள். லாரிக்காரர்களும் எடை போடுகிறவர்களும் அவளை வைத்து மணி பார்ப்பார்கள். என் கணவர் எந்த வியாபாரத்தின் நடுவில் இருந்தாலும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வருவார். அந்தக் குரல் நின்றுபோனது. தம்பியை அனுப்ப ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "வூடுன்னு சொல்லாதீங்கப்பா, வீடுன்னு சொல்லுங்க" என்றாள். சேலத்து வியாபாரிகளைப் பேச்சிலேயே மடக்குகிற மனிதர், சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போனேன்.

"எம் பொண்ணு பேசறது தப்புங்களா சார்?"

"தப்புன்னு யாருங்க சொன்னாங்க? கொச்சைன்னுதான் சொல்றோம்."

"அந்தக் கொச்சை பேசறவங்ககிட்டதான் சார் நீங்க குடியிருக்கற வூட்டுக்கு வாடகை பேசனீங்க."

அவர் முகம் சுருங்கியது. "நாடகந்தானேங்க. புத்தகத்துல இருக்கறத நான் எப்படி மாத்தறது? காலங்காலமா எல்லாப் பிள்ளைங்களும் படிக்கற புத்தகம்" என்றார். எல்லாப் பிள்ளைகளும் என்றபோது அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. பிள்ளையின் முகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டு வந்தேன்.

நீ நடிக்க வேண்டாம், ஜுரம் என்று சொல்லிவிடலாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "இல்லம்மா. இத நல்லா நடிச்சாத்தான் அடுத்த வருஷம் நல்ல வேஷம் குடுப்பாங்க" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியிருந்தது.

ஆண்டு விழா சாயங்காலம் பள்ளி மைதானத்தில் நடந்தது. முன்வரிசையில் நாற்காலிகள் போட்டு அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தார்ப்பாயில் நாங்கள். வரவில்லை என்று சொல்லியிருந்த என் கணவர் மண்டியைச் சீக்கிரம் சாத்திவிட்டு, சலவைச் சட்டையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மகள் கோட்டு போட்டு, மீசை வரைந்து வந்து நின்றாள். மைக் பக்கம் திரும்பித் தெளிவாகச் சொன்னாள். "எங்க வூட்டுல கூட இப்படி ஒரு கடிகாரம் இருக்குது."

மைதானத்தில் சத்தமே இல்லை. மற்ற பிள்ளைகள் பாய்ந்து அவளைப் பிடித்தார்கள். அப்போதும் சத்தமில்லை. எனக்குப் பின்னால் எங்கள் மண்டியில் புளி தட்டுகிற அம்மா ஒருவர், "இப்ப என்னாத்துக்கு அந்தப் புள்ளயப் புடிக்கறாங்க? அது இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. திருடன் என்ன தப்பு செய்தான் என்று அத்தனை பேரும் முழித்தார்கள். ஒன்பது வயதில் எனக்கு நேர்ந்த அதே தவறு, ஊர் மொத்தத்துக்கும் நேர்ந்திருந்தது. இப்படியே திரையை இழுத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

ஆபீசரின் பெண் பைனாகுலரை இறக்கிவிட்டு மைக்கில் விளக்கினாள். வீடு என்று சொல்லாமல் வூடு என்றான், படிக்காத காட்டான், அதனால்தான் பிடித்தோம் என்றாள். நாற்காலிகள் சிரித்தன. தார்ப்பாய் நாற்காலிகளைப் பார்த்தது. புரிந்துகொண்டது. பிறகு தார்ப்பாயும் சிரித்தது. புளி தட்டுகிற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரும்பினேன். என் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் இரண்டு பையன்கள் கையைப் பிடித்திருக்க, என் மகள் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. வாத்தியார் தட்டிக்கொடுத்தார். மீசையை அழித்துக்கொண்டு எங்களிடம் வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போலாங்களாப்பா?" என்றாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். வூ என்று உதட்டைக் குவிக்கப் போய், அதைப் பல்லோடு இழுத்துப் பிடித்து, புது ஊரில் வழி கேட்கிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"போலாம் பாப்பா. வீட்டுக்கே போலாம்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.