அட்டைக் கடிகாரம்

கரும்பலகைக்கு மேலே தொங்கும் அட்டைக் கடிகாரத்தின் முள்ளை விரலால் தள்ளிவிட்டு, "இப்ப உங்க அம்மாங்க என்ன பண்ணிட்டிருப்பாங்க?" என்று கேட்கிறார் பரஸ்கீவா டீச்சர். கை உயர்த்தும் பொறுமை யாருக்கும் இல்லை. "கிழவிக்கு மாத்திரை குடுக்குறாங்க!" என்று ஒரு குரல். "கிழவி துப்புறா!" என்று இன்னொன்று. வகுப்பு சிரித்து ஓய்கிறது. அதன் பிறகு வரும் அமைதியைத்தான் டீச்சரால் தாங்க முடிவதில்லை. அவசரமாகக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார்.

இத்தாலிக்கு வெகு கிழக்கே ஓடும் ப்ரூத் ஆற்றங்கரைப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு அது. பதினேழு பிள்ளைகள். அவர்களில் பதினொருவரின் அம்மாக்கள் இத்தாலியில் இருக்கிறார்கள். யார் வீட்டு முதியவர்களையோ குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைக்கும் வேலை. சுவரில் இருக்கும் நிஜக் கடிகாரம் ஊர் நேரம் காட்டும். செருப்புப் பெட்டியை வெட்டி, நடுவில் கோட்டுப் பொத்தானைத் தைத்து டீச்சர் செய்த அட்டைக் கடிகாரம் அம்மாக்களின் நேரத்தைக் காட்டும். மணி பார்க்கப் பழக மற்ற வகுப்புகளுக்கு ஒரு மாதம் பிடிக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஒன்பதே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

சாக்பீஸை இரண்டாக ஒடிக்காமல் டீச்சர் எழுதமாட்டார். ஒரு பாதி கையில், மறுபாதி கோட்டுப் பையில். அந்தக் கோட்டை மே மாதம்வரை கழற்றவும் மாட்டார். பிள்ளைகள் என்ன தப்புச் செய்தாலும், "தப்பானா என்ன? அழிச்சாப் போச்சு" என்பார். முப்பது வருடமாகச் சொல்லிவந்த அந்த வார்த்தையை நவம்பருக்குப் பிறகு அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்த கதைதான். நவம்பரில் அட்டைக் கடிகாரத்தை முதன்முதலில் மாட்டியபோது, இத்தாலி நேரத்தை ஒரு மணி முன்னால் வைத்துவிட்டார். சம்பளம், சாலை, செருப்பு என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் நாட்டில் கடிகாரம் மட்டும் பின்னால் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் ஊரில் யார் வேண்டுமானாலும் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒருத்தியான இலின்காவின் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது: வியாழன் மூன்று மணிக்கு, 'என் நேரம்', பக்கத்து வீட்டு சஃப்தாவின் போனுக்குக் கூப்பிடுகிறேன். இலின்கா அட்டைக் கடிகாரத்தை நம்பி, இங்கே இரண்டு மணிக்கே போய் உட்கார்ந்தாள். மூன்றரைவரை காத்திருந்தாள். பிறகு தாத்தாவோடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நான்கு மணிக்கு, அம்மாவின் மூன்று மணிக்கு, போன் அடித்தது.

மறுநாள் வகுப்பில் அவள் அழவில்லை. "உங்க கடிகாரம் பொய் சொல்லுது டீச்சர்" என்றாள், அவ்வளவுதான். டீச்சர் எல்லோர் முன்னாலும் முள்ளைத் திருப்பிவைத்து, "தப்பு என்னோடது" என்றார். அதன் பிறகு இலின்கா வகுப்பில் கை தூக்கவில்லை. அவள் அம்மா வேறு வீட்டுக்கு வேலை மாறினாள். மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை.

போன வாரம் மறுபடி கடிதம் வந்தது. வியாழன், மூன்று மணி, என் நேரம்.

நேற்று டீச்சரே இலின்காவின் கையைப் பிடித்து சஃப்தா வீட்டுக்கு அழைத்துப் போனார். வழியில் அவள் கேட்டாள்: "அங்க மூணுன்னா இங்க நாலு. சரிதானே டீச்சர்?"

"சரிதான் கண்ணு."

அடுப்படியில் போனுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தாள் சஃப்தா. நான்கு ஆனது. நான்கேகால் ஆனது. சஃப்தா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். "லைன் நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா."

"எடுக்காதேம்மா! இந்த நேரம் பார்த்து அவ கூப்பிட்டுட்டா?"

அதட்டல் வாங்கிய சஃப்தா சோளக்களியைக் கிளறப் போனாள். நான்கரையும் கடந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"மணி என்ன டீச்சர்?" என்றாள் இலின்கா.

டீச்சர் மேசைக்கு அடியில் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைப் பின்னுக்குச் சுற்றினார். வேண்டுமென்றே தப்பாக வைப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பிறகு கையை நீட்டிக் காட்டினார். நான்காக இன்னும் ஐந்து நிமிடம்.

இலின்கா அதை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, டீச்சர் மறந்தே போயிருந்த சஃப்தாவின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் நான்கு முப்பத்தைந்து.

"ஆமா டீச்சர், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றாள். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.