நூற்றெண்பது காலடி

குவாரியில் அவரை எல்லோரும் சாக்பீஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். வெடிக்குத் திரி அளந்து வெட்டுவது அவர் வேலை. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. ஆனால் கொட்டகைக்கு முன்னால் கிடந்த தட்டைப் பாறையில் அவர் கணக்குப் போட்டு முடிக்காமல், இருபத்திரண்டு வருடத்தில் அங்கே ஒரு வெடி வெடித்ததில்லை.

தினமும் ஏறக்குறைய ஒரே கணக்கு. ஒரு மீட்டர் திரியைக் கொளுத்தி, எரிந்து முடியும்வரை கடிகாரத்தைப் பார்ப்பார். நூற்றிருபது வினாடி. அது முதல் வரி. துளைகள் ஆறு, ஒன்றைப் பற்றவைக்கப் பத்து வினாடி, மொத்தம் அறுபது. அங்கிருந்து பதுங்கும் கொட்டகைக்கு நூற்றெண்பது காலடி, காலடிக்கு ஒரு வினாடி. கூட்டினால் இருநூற்று நாற்பது. நூற்றிருபதால் வகுத்தால் இரண்டு மீட்டர். கால் தடுக்கினால் சமாளிக்க இன்னும் அரை. ஆகத் துளைக்கு இரண்டரை மீட்டர்.

"ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்ல அண்ணனுக்கு ஒரு பாறை பத்தாது" என்பான் கம்ப்ரசர்காரன்.

"மனசுல போட்டா மனசுக்குப் பிடிச்ச விடைதான்டா வரும்" என்பார், தலையைத் தூக்காமல்.

அவர் எழுதி முடித்ததும் மேஸ்திரி வந்து விடையிலிருந்து தொடங்கி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியையும் போட்டுப் பார்ப்பார். முதல் வரிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு கோடு கிழிப்பார். கோடு விழாமல் யாரும் தீப்பெட்டியைத் தொடக்கூடாது.

பற்றவைப்பவர் சாக்பீஸின் தங்கை கணவர். ஒரு நாள் வீட்டுக் கூரையில் ஏறியவர் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. மறுநாளும் வேலைக்கு வந்தார். மேஸ்திரி பார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தார்.

"கொஞ்ச நாள் வேற யாராவது பத்தவைக்கட்டும் மாப்பிள்ளை" என்றார் சாக்பீஸ்.

"நொண்டிக்கு இங்க வேற என்ன வேலை மச்சான்? உக்காந்து ஜல்லி எண்ணவா?"

"விளையாடாதீங்க."

"பாறையில எழுதிடாதீங்க. மேஸ்திரி கண்ணுல பட்டா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. சின்னது இப்பதான் பள்ளிக்கூடம் போகுது."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது சாக்பீஸ் பின்னால் நடந்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். காலடிக்கு இரண்டு வினாடி. அப்படியானால் நூற்றெண்பது வினாடி கூடுதல். அதற்குத் திரி ஒன்றரை மீட்டர். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வரியை மனதிலேயே போட்டார்.

மறுநாளிலிருந்து பாறையில் இரண்டரை என்று எழுதி, நான்கு மீட்டராக வெட்டினார். மேஸ்திரி சரிபார்ப்பது பாறையைத்தான், திரியை அல்ல. பன்னிரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை ஆடி அசைந்து வந்து கொட்டகைக்குள் உட்கார்ந்து, "மாமனார் வீட்டுக்குப் போற மாதிரி வந்தேன்" என்பார்.

பதின்மூன்றாம் நாள் காலையில், திரி சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று கிடங்குக்காரர் கேட்டார். சாக்பீஸ் அப்போது அங்கே இல்லை. வழக்கம்போல் திரியை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சிவப்புக் கொடியோடு சாலையை மறிக்கப் போயிருந்தார். மேஸ்திரி துண்டுகளைத் துளையில் இறக்கும் முன் டேப்பை வைத்து அளந்தார். ஆறும் நான்கு மீட்டர்.

"சாக்பீஸுக்கும் வயசாகுது" என்றார். பாறையில் எழுதியிருந்தபடி இரண்டரைக்கு ஆறையும் நறுக்கினார். அப்போது மாப்பிள்ளை லாரிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். துளைக்குள் இறங்கிய திரி எவ்வளவு நீளம் என்று வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது.

முதல் திரியைப் பற்றவைத்ததற்கான விசில் சாலையில் கேட்டது. சாக்பீஸ் எண்ண ஆரம்பித்தார். நானூற்றெண்பது வரவேண்டும்.

முந்நூறில் வெடித்தது.

கொடியை அவர் எங்கே போட்டார் என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி தட்டைப் பாறையின் முன் குனிந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மேஸ்திரி எதையும் மறைக்கவில்லை. அளந்ததையும் நறுக்கியதையும் சொன்னார். சொல்லும்போது வாய் கோணியது.

"கணக்குப்படிதானே நறுக்கியிருக்கீங்க" என்றார் அதிகாரி. "கணக்குல தப்பே இல்லையே."

சாக்பீஸ் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். விடைக்குக் கீழே எழுதினார்: முழங்கால் வலி, காலடிக்கு இரண்டு வினாடி, கூடுதல் ஒன்றரை மீட்டர்.

"இந்த வரி அன்னிக்கு இருந்துச்சா?"

"இல்ல சார்."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அதிகாரி அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் உலை வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"உன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சாம்ணே. மேஸ்திரி வந்து அழுதுட்டுப் போனாரு."

"எழுதினது சரி."

அவள் அதை விளங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கொட்டகைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

முந்நூறில் பற்றவைக்க அறுபது போனது. மீதி இருநூற்று நாற்பது. காலடிக்கு இரண்டு.

"அறுபது காலடி" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். சுவரிலிருந்து அடுப்புக்குப் பதினோரு காலடி.