காணாமல் போன பச்சைப் பட்டன்

போன வருடம் ஆடி மாதம். திருச்செங்கோட்டுக்கு வெளியே, நான் வேலை பார்க்கும் பட்டறையில் நடந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு பாடி கட்டி, பெயின்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறை அது. வடக்கே மழை பிடித்துவிட்டால், அங்கே போர் போடப் போன வண்டிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிடும். அதனால் ஆடியில் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பெயின்ட் வேலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வண்டியைப் பார்த்து நின்றுவிட்டால் வேறு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவு கூச்சம் எனக்கு. டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, வேண்டும் என்று சொல்வதற்குள் டீக்காரர் அடுத்த பட்டறைக்குப் போயிருப்பார்.

அந்த ஆடியில் முதலாளிக்குப் பெரிய தலைவலி. வண்டிக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அங்கிருந்தே போன் போடுவார்கள். "கேபின் முடிஞ்சுதுங்களா? பின்னால கதவு மாட்டியாச்சுங்களா?" என்று நாள் முழுக்க இதே கேள்விதான். அதற்காக ஒரு ஆப் செய்யலாம் என்று முடிவு செய்தார். வேலை முடிந்த பாகத்தை நாங்களே போட்டோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். வண்டிக்காரர் அவர் இருக்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்வார்.

எங்கள் பட்டறை எலக்ட்ரீசியனின் மனைவி, இங்கேயே ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவர். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அவரிடம்தான் முதலாளி அந்த ஆப்பைச் செய்யச் சொன்னார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார். "அடுத்த வெள்ளிக்கெழம பாக்கறன் அம்மிணி. சரியா வர்லீன்னா பெங்களூர்க் கம்பெனிக்கே குடுத்தர்றேன். அப்பறம் சங்கடப்படக் கூடாது."

அந்த அம்மிணி நேராக என்னிடம் வந்தார். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு எழுத்து சரியாக வராது, அதனால் ஆப்பில் எழுத்துக்குப் பதிலாகப் படம் வைக்கப்போவதாகச் சொன்னார். "கேபின், சைடு, பின்பக்கம், கம்ப்ரசர். இந்த நாலையும் நீங்க வரைஞ்சு குடுங்ணா. நான் போட்டோ எடுத்து உள்ள வெச்சுக்கறேன். ஆறு வருசம் கழிச்சு எனக்கு வர்ற மொதல் வேலைங்ணா இது. நல்லா வந்துரணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிச்சத் தகரத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி நான்கு துண்டு வெட்டி, மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைந்தேன். கேபின் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னுவதுகூட விடவில்லை. வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆர்ட்டிஸ்ட்டு, வண்டிக்கு நெம்பர் பிளேட்டையும் மாட்டீருங்க, ஓட்டீட்டுப் போயர்லாம்" என்றார்.

அம்மிணி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை மாலை என் போனில் அந்த ஆப்பை அவசரமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பாத்துட்டு ஏதாச்சும் தப்பு இருந்தாச் சொல்லுங்ணா. படத்தை அமுக்கினா போட்டோ எடுக்கும். கீழ பச்சையா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினாப் போயிரும்" என்றார்.

வீட்டில் போய்த் திறந்தேன். என் கேபின் படம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நிறைந்து நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பச்சைப் பட்டனைக் காணோம். மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். ஒன்றும் நகரவில்லை. பக்கவாட்டில் தள்ளினால் வரும் மற்ற மூன்று படத்துக்கும் இதே கதைதான்.

அப்போதுதான் எனக்குத் திடுக்கென்றது. படத்தை நான் பெரிதாக வரைந்துவிட்டேன்! கையளவு போனுக்கு ஒன்றரை அடித் தகரத்தில் வரைந்து கொடுத்தால் பட்டனுக்கு எங்கே இடம் இருக்கும்? படம் பட்டனை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மிணி போன் செய்தார். "எப்பிடிங்ணா இருக்குது?"

தப்பு என் பேரில் என்று நினைத்துக்கொண்டிருப்பவன், அதுவும் என்னைப் போன்ற ஆள், என்ன சொல்வான்? "சூப்பரா இருக்குதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டேன்.

"பட்டன் நல்லா வேலை செய்யுதுங்களா?"

"அதெல்லாம் ஜோருங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்ததும் சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளங்கை அளவுக்குத் தகரம் வெட்டி, நான்கு படத்தையும் மறுபடி வரைந்தேன். கேபின் படத்தில் முகப்பு விளக்கு இரண்டும் கடுகு அளவுதான் இருந்தது. "தீப்பெட்டிக்கு ஒட்டறதுக்கா?" என்று என் மனைவி கேட்டாள். படத்தைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனவனுக்கு, அதைப் பற்றி அம்மிணிக்குப் போன் செய்து சொல்ல வாய் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அம்மிணியே பட்டறைக்கு வந்தார். மறுநாள் முதலாளி பார்க்கப்போகிறார். அம்மிணி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இனிமேல் தாங்காது என்று, பேப்பரில் சுற்றியிருந்த சின்னப் படங்களை எடுத்து நீட்டினேன்.

"இதென்னங்ணா?"

"சின்னதா வரைஞ்சிருக்கறனுங்க. இதை வெச்சீங்கன்னா பட்டனுக்கு எடம் கெடைக்கும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் போனை வாங்கித் திறந்து பார்த்தார். முகம் அப்படியே வாடிவிட்டது. "பட்டனே தெரியலியேங்ணா! சனிக்கெழமையில இருந்தே இப்பிடித்தானுங்களா?"

தலையாட்டினேன். கையில் இருந்த பெயின்ட் டப்பாவுக்குள் இறங்கிவிடலாம் போல் இருந்தது. "நான் பெருசா வரைஞ்சதாலதானுங்க..." என்று இழுத்தேன்.

அவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அந்தச் சின்னப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடுகளவு விளக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்ணா, நீங்க தகரத்துல எவ்ளோ பெருசு வரைஞ்சாலும் போனுக்குள்ள நான் வெக்கற அளவுதானுங்க. தப்பு என்னோடது. எம்போன்லயும் ஊட்டுக்காரர் போன்லயும்தான் பாத்தேன். ரெண்டும் நீளப் போனு, உங்களுது சின்னப் போனு."

பக்கத்தில் இருந்த வெல்டர் விடுவாரா? "நல்லவேளை ஆர்ட்டிஸ்ட்டு வண்டி சைசுக்கே வரையலீங்க. இந்நேரம் போனு வெடிச்சிருக்கும்!"

என் போனில் எழுத்து எல்லாம் மிகப் பெரிதாக இருப்பதையும் அம்மிணி அப்போதுதான் கவனித்தார். பிரஷ் என்றால் கைப்பழக்கத்தில் ஓடிவிடும், சின்ன எழுத்து எனக்கு மங்கலாகத்தான் தெரியும். வாங்கும்போதே கடைக்காரர் எழுத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டார். எழுத்து பெரிதானதால் தலைப்பு மூன்று வரியாக உடைந்து கீழே இறங்கியிருந்தது. "இது ஒரு காரணம். ஆனா இது மட்டும் பத்தாதுங்ணா, இன்னும் ஏதோ தள்ளுது" என்றார்.

லேப்டாப்பைத் திறந்து, என் போனை ஒயரில் மாட்டி, எங்கள் வேலை மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றை மாற்றுவார், என் போனில் பார்ப்பார். ஒரு தடவை பட்டன் வந்தது. ஆனால் படம், மேலே இன்னொரு வண்டி ஏறி நின்றது போல் நசுங்கிவிட்டது. இன்னொரு தடவை படம் நிமிர்ந்தது, பட்டன் போய்விட்டது. மதியம் வரைக்கும் இப்படியே. அவர் சிரிப்பும் போய்விட்டது. கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"எது எதைத் தள்ளுதுன்னே தெரியலீங்ணா. தலைப்பு ஒரு கட்டம், படம் ஒரு கட்டம், பட்டன் ஒரு கட்டம். எந்தக் கட்டம் எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியல. எல்லாமே வெள்ளையா இருக்குது" என்றார். "நாளைக்குப் போயி நான் என்னத்தச் சொல்றது?"

எல்லாமே வெள்ளையாக இருக்கிறது. இந்தச் சிக்கல் எனக்குத் தெரிந்த சிக்கல்.

தகரத்தில் இருக்கும் ஒடுக்குகளை நிரப்ப நாங்கள் பட்டி பூசித் தேய்ப்போம். பட்டியும் வெளிர் நிறம், அதற்கு முன் அடித்த பூச்சும் வெளிர் நிறம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தேய்ப்பதற்கு முன் கறுப்பு பெயின்டை மேலாகப் பூப்போல் தூவிவிடுவோம். தேய்க்கத் தேய்க்க மேட்டில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் மட்டும் தங்கி நிற்கும். பள்ளம் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள்ளே பெரிய போராட்டம். கம்ப்யூட்டர் படித்தவருக்கு நான் என்ன சொல்வது? ஆனால் சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டதில்தான் இவர் இன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார். ஒரு வழியாகச் சொன்னேன்.

"அம்மிணி, கட்டத்துக்குக் கலர் அடிக்க முடியாதுங்களா?"

"என்னங்ணா?"

"இல்லீங்க... ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர். தலைப்புக்கு மஞ்சள், படத்துக்கு நீலம். அப்ப எது எது வரைக்கும் போவுதுன்னு காட்டுமில்லீங்களா?" பட்டிக் கதையையும் சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் என்னையே பார்த்தார். "காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்ணா. சுத்தமா மறந்தே போச்சு!" என்று சொல்லிவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பினார். கை வேகமாக ஓடியது.

என் போனில் மறுபடி ஆப் திறந்தது. மேலே மஞ்சள். அதற்குக் கீழே ஒரே நீலம். அந்த நீலத்துக்கு நடுவில் என் கேபின் படம். படத்துக்கு மேலேயும் கீழேயும், வாசல் மாதிரி அகலமாக, வெறும் நீலம் கிடந்தது.

"அட!" என்று வெல்டர்கூட வாய்விட்டுச் சொன்னார்.

அம்மிணி எங்களுக்கும் புரியும்படி சொன்னார். "உங்க போன் அகலத்துக்குத் தக்கன படம் சுருங்கிக்கிச்சு. ஆனா படத்தோட கட்டத்துக்கு நான் ஒரே ஒசரமாக் கட்டி வெச்சிட்டேன். அது சுருங்கல. மேலயும் கீழயும் சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டுப் பட்டனை வெளிய தள்ளிருச்சு. வெள்ளையா இருந்ததால என் கண்ணுக்குப் படல."

அதன் பிறகு கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படம் சுருங்கினால் கட்டமும் சேர்ந்து சுருங்கும்படி மாற்றினார். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் பட்டன் கீழே ஒட்டியபடியே நிற்கும்படி செய்தார். என் போனில் பச்சைப் பட்டன் வந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எங்களுக்கும் ஆளுக்கொரு வாய் தயிர்ச்சோறு கிடைத்தது.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். நான் வழக்கம்போல ஒரு கேபினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மிணி தன் போனில் காட்டப் போனார். முதலாளி கையை ஆட்டிவிட்டார். "உம்போன்ல நல்லாத்தான் இருக்கும் சாமி. எம்போன்ல போடு, நானே அமுக்கிப் பாக்கறேன்."

போனை எடுத்து நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் போனில் எழுத்து என் போனில் இருப்பதைவிடப் பெரிது! கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது தெரியும் என்று, எங்கள் முதலாளி கண்ணாடியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு எழுத்தை ஏற்றி வைத்திருக்கிறார். முந்தின நாள் காலையில் இருந்த ஆப்பாக இருந்திருந்தால் முதல் அமுக்கலிலேயே கதை முடிந்திருக்கும். அம்மிணியும் அதைப் பார்த்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

முதலாளி கேபின் படத்தை அமுக்கினார். எதிரே இருந்த கேபினைப் போட்டோ எடுத்தார். பச்சைப் பட்டனை அமுக்கினார். போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் அந்தக் கேபினுக்குச் சொந்தக்காரரான வண்டிக்காரர் போன் செய்தார். முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"போட்டோ வந்துருச்சுங்க. பெயின்ட் அருமைங்க. ஆனா கேபினுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாக்கறது ஆருங்க?"

பட்டறையே சிரித்தது. அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

தலைப்புக்கு அடித்த மஞ்சளை அம்மிணி எடுக்க மறந்துவிட்டார். முதலாளிக்கு அது பிடித்துப்போய், "இருக்கட்டும், வண்டிக் கலர் மாதிரி ஜம்முன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டதால் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இப்போது பக்கத்துப் பட்டறைகள் இரண்டுக்கும் அம்மிணிதான் ஆப் செய்கிறார். உள்ளங்கை அளவு படங்கள் நான்கும் அவர் மேசைக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கின்றன.

எதைச் செய்தாலும் முதலில் என் போனுக்குத்தான் அனுப்புகிறார். கூடவே ஒரு வரி வரும். "பாத்துட்டுச் சொல்லுங்ணா. நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

நானும் இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். இது தெரியவில்லை, அது புரியவில்லை, இங்கே கை போகவில்லை என்று. என் கண்ணுக்கு ஒன்று தெரியாவிட்டால் அது என் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். என்னைப் போன்ற இன்னும் எத்தனையோ பேரின் கண்ணுக்கும் அது தெரியாமல் இருக்கலாம், அதைச் சொல்ல ஒருவன் வேண்டும் என்பது புரிய, எனக்கு நாற்பத்தெட்டு வயதும் ஒரு சின்ன போனும் தேவைப்பட்டிருக்கின்றன.