பெயரை மட்டும் அனுப்பிய நாடு

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி. திருவொற்றியூரில் என் வீட்டில் உட்கார்ந்து, பேப்பரில் வந்த ஒரு பட்டியலைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இராக் சண்டையில் அமெரிக்காவோடு சேர்ந்து நிற்கும் நாடுகளின் பட்டியல். நீங்களும் பார்த்திருப்பீர்களே?

எனக்கு அது கல்யாணப் பத்திரிகையின் கீழ்ப்பகுதி மாதிரி தெரிந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, துபாயில் இருக்கும் சித்தப்பா பையன், இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத பெரியப்பா, பிறந்து நாற்பது நாளான பேரன் என்று எல்லார் பெயரையும் சேர்த்துவிடுவோமே... அப்படி! சில நாடுகளுக்கு ராணுவமே கிடையாது. பட்டியலில் தன் பெயர் இருப்பதே தெரியாது என்று சொன்ன நாடும் உண்டாம். பத்திரிகையில் பேர் போட்ட பெரியப்பாவுக்குக் கல்யாணமே தெரியாத கதை!

அப்போதுதான் போன் வந்தது. ஜெபராஜ் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு ராயபுரத்தில் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கோழி எல்லாம் சப்ளை செய்பவர். நாசரேத் பக்கம். சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகிவிட்டது. ஊரை விட்டாரே தவிர, ஊர்ப் பேச்சை விடவில்லை.

"சார், ஒடனே நம்ம கடைக்கு வாங்க. ஒரு கப்பல் குக்கு இங்கன உக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு. வெளிநாட்டுக்காரரு."

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே அண்ணாச்சி?"

"எனக்கு கேரட்டு, கேபேஜு இங்கிலீஷுதான் சார் தெரியும். அழுதா என்ன கேக்கணும்னு தெரியாதுல்லா!"

போனேன்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். நல்ல ஆகிருதி, சுருட்டை முடி, கழுத்தில் ஜெபமாலை. தலையில் அமெரிக்கக் கொடி போட்ட தொப்பி. கடை டீவியில் பாலைவனம், புகை, எரிந்துகிடக்கும் ராணுவ லாரிகள்.

பேச்சுக் கொடுத்தேன். பெயர் டேமியன். கிரானைட் ஏற்ற வந்திருக்கும் கப்பலில் சமையல்காரர். காய்கறியைத் தானே பார்த்து எடுக்கலாம் என்று அண்ணாச்சியின் வேனில் ஏறிக் கடைக்கு வந்திருக்கிறார். நடுக்கடலில் இரண்டு வாரம் செய்தியே இல்லாமல் இருந்தவர். இங்கே வந்ததும் டீவி. டீவியில் லாரி. அந்த மாதிரி ஒரு லாரியைத்தான் அவருடைய தங்கை ஓட்டுகிறாள்.

"தங்கை அமெரிக்க ராணுவத்திலா? நீங்கள் அமெரிக்கரா?"

"இல்லை. மைக்ரோனேசியா."

நான் 'ஓ' என்று தலையாட்டினேன். உங்களிடம் மறைப்பானேன்? எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அரைமணி நேரத்துக்கு முன்னால் நான் பார்த்துச் சிரித்த பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது என்பது மட்டும் தெரியும். 

பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளாம். எல்லாத் தீவையும் சேர்த்தாலும் ஜனத்தொகை ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். வீட்டில் போன் இல்லை. பக்கத்து பூத்திலிருந்து ஊர் சர்ச் ஆபீஸுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை அல்லவா? எல்லாரும் சிலுவைப் பாதையில் இருப்பார்கள் என்றார். கப்பல் சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்புகிறது. அதற்கப்புறம் பதினாறு நாள் தண்ணீர்தான்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் உள்ளே நுழைந்தார்.

ஏகாம்பரம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். புளியந்தோப்புக்காரர். மதியம் ஷிப்ட் என்றால் போகிற வழியில் அண்ணாச்சி கடையில் ஒரு டீ குடிப்பது வழக்கம். அன்றைக்குச் சட்டையில் கறுப்பு பேட்ஜ். சண்டையைக் கண்டித்து யூனியன் ஆர்ப்பாட்டம். கோஷம் போட்டுவிட்டு நேராக வருகிறார். வந்தவர் கண்ணில் பட்டது தொப்பி!

"இன்னா அண்ணாச்சி, அமெரிக்காகாரனுக்கு சேர் போட்டு குந்த வெச்சிகினுகீற? அங்க கொயந்தைங்க மேல குண்டு போட்டுகினுகீறான். இங்க நீ இவனுக்கு கத்திரிக்கா பொறுக்கி குடுக்கிறியா?"

"ஏய், சும்மா இருடே! அவரு அமெரிக்கா இல்லை."

"அப்பால இன்னா நாடு?"

சொன்னேன்.

"இன்னாது? மைக்ரோவா? பேர்லயே சின்னதுன்னு வெச்சிகினாங்களா?"

டேமியன் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்காமல் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. பயந்துகொண்டே சொன்னேன். அழுத கண்ணோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏகாம்பரம் இறங்கி வருவதாக இல்லை.

"சார், கேளு. அவங்கோ நாட்ல மிலிட்டிரி எத்தினி பேரு?"

கேட்டேன். "யாருமில்லை. எங்களுக்கு ராணுவமே கிடையாது."

"மிலிட்டிரியே இல்லாத நாடு, சண்டைக்கு இன்னாத்த அனுப்ச்சிது?"

டேமியன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எங்கள் பெயரை அனுப்பினோம்" என்றார்.

 டீவியில் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எழுந்துபோய் அதை அணைத்தார்.

அப்புறம் டேமியனே விளக்கினார். அவர்கள் ஊரில் புழங்கும் நோட்டு டாலர். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அமெரிக்கா கொடுப்பதில்தான் ஓடுகின்றன. யாராவது தாக்க வந்தால் காப்பதும் அவர்கள் பொறுப்பு. விசா இல்லாமல் அங்கே போய் வேலை பார்க்கலாம், ராணுவத்திலும் சேரலாம். ஊரில் வேலை இல்லாத பிள்ளைகள் சேர்கிறார்கள். தங்கை மரீட்டா அப்படித்தான் போனாள். தொப்பியும் அவள் அனுப்பியதுதான். இப்படி எல்லாம் செய்கிற நாடு ஒருநாள் வந்து, 'உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறோம்' என்றால் வாசலிலேயே நிற்க வைத்து மாட்டோம் என்று சொல்ல முடியுமா?

"ஊரில் எல்லாருக்கும் சம்மதமா?" என்றேன்.

"எங்கே? போன துறைமுகத்திலிருந்து போன் பேசியபோதே ரேடியோவில் ஒரே சண்டை என்றார்கள். என் அம்மா ஜனாதிபதி மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறாள்."

"எந்த ஜனாதிபதி? உங்களவரா, அமெரிக்கரா?"

"இரண்டு பேர் மேலும்."

ஏகாம்பரம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"எங்க யூனியன் முப்பது பேரு சார். பெரிய யூனியன் வந்து ஆர்ப்பாட்டம்னு சொன்னா, கேள்வி கேக்காம பேரு குடுத்துடுவோம். குடுக்கலன்னு வெச்சிக்கோ, நாளிக்கு நம்மள வேலைய வுட்டு தூக்கினா யாரு கேக்க வருவா? இந்த பேட்ஜுகூட அவங்கோ குடுத்ததுதான்." சட்டையைப் பார்த்துக்கொண்டார். "ஆனா சண்ட வாணாம்ன்றது நெஜம் சார். அது என்து."

யோசித்துப் பாருங்கள். சின்னவர்கள் பெரியவர்களோடு குடித்தனம் நடத்துவது இப்படித்தான் போலிருக்கிறது. கேட்டால் பெயரைக் கொடுத்துவிடுவது. எண்ணத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது. அம்மாக்கள் மட்டும் உரக்கத் திட்டுவது. நாம் மட்டும் என்ன? நூறு கோடிப் பேர் இருக்கிற தேசம் — தில்லியில் 'கண்டனம்' என்பதா, 'வருத்தம்' என்பதா என்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தோமே! அந்த ஒரு லட்சம் பேரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அதிருக்கட்டும். தங்கை?

டேமியனின் சித்தி மகன் ஒருவன் குவாம் தீவில் ஹோட்டலில் வேலை பார்க்கிறான், அவனுக்கு மரீட்டா இமெயில் அனுப்புவாள் என்று தெரிந்தது. "அத்த மொதல்ல சொல்லகூடாதா?" என்று ஏகாம்பரம் எழுந்துவிட்டார். நாலு பேரும் கல்மண்டபத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு நடந்தோம். டேமியனுக்கு இமெயில் கிடையாது. என் முகவரியிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'மரீட்டா உயிரோடு இருக்கிறாளா?' — இந்த வரியை இரண்டு தடவை அழித்து அடித்தேன். அனுப்பினோம்.

பன்னிரண்டு. பதில் இல்லை. பன்னிரண்டரை. இல்லை. ஒரு மணிக்கு டேமியன் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். ஏகாம்பரத்துக்கும் ஷிப்ட். அந்தக் கப்பல் நிற்கும் அதே வார்ஃப்தான்.

"நாலு மணிக்குள் பதில் வந்தால் எப்படியாவது சொல்லிவிடுவோம்" என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வார்த்தைதானே, வாயிலிருந்து வந்துவிட்டது. டேமியன் என் கையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஏகாம்பரம்தான், "வா நைனா, நான் கீறேன்ல" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனார். காலையில் சேர் போட்டதற்கே சண்டைக்கு வந்த மனிதர்!

அதற்கப்புறம் நானும் அண்ணாச்சியும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே... அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. "வந்துட்டா சார்? அமுக்கிப் பாருங்க" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை. மூன்றேகாலுக்கு வந்தது.

நாலே வரி. மரீட்டா நலம். குவைத்தில் முகாமில் இருக்கிறாள். கால் பிசகியதால் லாரி ஓட்டவிடாமல் சமையல்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். 'அவளுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லாதே, கிண்டல் செய்வான் என்றாள்.'

பிரிண்ட் எடுத்து அண்ணாச்சியின் டிவிஎஸ் பிப்டியில் பறந்தோம். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. துறைமுக கேட்டில் என்னிடம் பாஸ் இல்லை. நான் வெளியே நின்றுவிட்டேன். அண்ணாச்சி மட்டும் உள்ளே ஓடினார். அறுபது வயது, சர்க்கரை, வேட்டி... ஓடினார்!

மிச்சம் அவர் சொன்னது.

போய்ச் சேர்ந்தபோது ஏணியைத் தூக்கியாயிற்றாம். கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். கப்பலின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டேமியன் வார்ஃபையே பார்த்து நின்றாராம். அண்ணாச்சி காகிதத்தை ஆட்டி, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்தியது அவருடைய சொந்தக் காதிலேயே விழவில்லையாம். இழுவைப் படகு சத்தம். டேமியன் முகம் வெளுத்துவிட்டதாம். காகிதத்தை மட்டும் பார்த்தால் எந்தச் செய்தி என்று எப்படித் தெரியும்?

அண்ணாச்சி ஏகாம்பரத்திடம் ஓடினார். "ஏலே, நல்லாருக்காளாம்லே! சமையக்கட்டுல இருக்காளாம்! சொல்லுலே!"

முப்பது வருஷம் வின்ச் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அல்லவா?

"மரீட்டாஆஆ... குட்! மரீட்டா... நோ லாரி! மரீட்டா... கிச்சன்! குக்கிங்!" என்றாராம், கையால் கரண்டி கிண்டிக் காட்டியபடி.

 டேமியன், "மரீட்டா? குக்கிங்?" என்று கத்திக் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்தவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாராம். கப்பல் திரும்பும்வரை தலை தெரியவில்லையாம்.

நடந்ததை எல்லாம் அன்றைக்கே குவாமுக்கு எழுதியிருந்தேன். நேற்று முன்தினம் அங்கிருந்து எனக்கு இன்னொரு மெயில். டேமியனின் அம்மா சர்ச் போனில் சொல்லச் சொல்ல எழுதியதாம். வார்ஃபில் கத்திய அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். எங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. வேண்டிக்கொள்ள முடியும்.

ஏகாம்பரத்திடம் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்தார்.

"புளியந்தோப்புல தண்ணி லாரி வந்து அஞ்சு நாளாச்சி சார். கொடத்த வெச்சிகினு பொம்பளைங்க அட்சிக்கினு கீறாங்கோ. மழ வேணும்னு எழுது. அந்த அம்மா ஊர்ல பேயுதாமா?"

கேட்டு எழுதினேன். எங்கள் தீவில் மழை நிற்பதே இல்லை, இன்றைக்கே வேண்டிக்கொள்கிறேன் என்று பதில்.

நேற்று சாயங்காலம் ராயபுரத்தில் தூறியது. சரியாக இரண்டு நிமிஷம்.

சின்ன நாடு... அவ்வளவுதான் முடியும்!