அக்கா கணக்கு எழுதிய கதவு

இன்று தையல்காரர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டபோது எழுந்த மணத்தில், மைசூரில் எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இருந்த, இப்போது இல்லாமல் போன எங்கள் ஒற்றை அறை வீட்டின் கதவு ஞாபகம் வந்தது. பிற்பாடு வெறும் கணக்காலேயே அணுவுக்குள் நடப்பதை ஆராய்கிற பேராசிரியரான என் அக்கா, காலேஜில் படிக்கும்போது தாள் வாங்க வழியில்லாமல், தார் பூசிய அந்தக் கதவின் உள்பக்கம் முழுக்கக் கணக்கு எழுதுவாள். திறந்தால் சுவரில் உரசி எல்லாம் அழிந்துவிடும் என்பதால், அம்மா வேலையிலிருந்து வரும்வரை நானும் அந்தப் புழுக்கத்தில் அடைந்து கிடப்பேன்.

வெளியே பையன்கள், "பாரோ, கோலி ஆடோணா!" என்று கன்னடத்தில் கோலி ஆடக் கூப்பிட்டுக் கத்துவார்கள்.

"கதவத் தெறக்கா."

"இன்னும் ரெண்டே வரிடா தம்பி."

அந்த ரெண்டு வரி கோடை முழுக்க முடியவில்லை. கோலி மோதுகிற சத்தத்தை வைத்தே யார் ஜெயித்தது என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஓய்வு பெற்று, போன மாதம் ஊருக்கு வந்தவளிடம், அந்தக் கணக்கு என்ன ஆனது என்று கேட்டேன்.

"அதுவா? மொதல் வரியே தப்புடா," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ தெறந்திருக்கலாம்லக்கா," என்றேன்.