வாசலுக்கு ஒரு குடம்

என் பாஸ்போர்ட்டில் இந்தியா என்றுதான் போட்டிருந்தது. ஆனால் மஸ்கட்டில் பிறந்த எனக்கு, அப்பாவின் வேலை முடிந்து ராயபுரத்தில் வந்து இறங்கிய எட்டு வயதில், இந்தியா புத்தம்புது வெளிநாடு. ஷேர் ஆட்டோ, மாதா கோயில் மணி, கருவாட்டு வாசனை, தெருவில் நின்று பல் விளக்குகிறவர்கள் என்று எதைப் பார்த்தாலும் வாய் பிளந்து நின்றேன். ஒரே ஒரு குறை. தெருப் பெண் பிள்ளைகள் என்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

"மஸ்கட்டு மகாராணி, காலு அழுக்காவும், போ!"

எதையாவது செய்து அவர்களோடு சேர்ந்துவிடத் துடித்தேன். ஒரு நாள் காலை, தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஆளே இல்லை. ஐயோ பாவம், மறந்து விட்டுப் போய்விட்டார்கள்! ஓடி ஓடி எடுத்துவந்து வாசலுக்கு ஒன்றாக வைத்தேன். யாருடையது என்று எப்படித் தெரியும்? பச்சைக் கதவுக்குப் பச்சைக் குடம், நீலக் கதவுக்கு நீலக் குடம். இனி சேர்க்காமல் இருப்பார்களா?

அப்போது தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. தெருவே ஓடிவந்தது.

"இன்னாடி இது, லைனையே காணோம்!"

"என் கொடம் உன் வூட்டாண்ட இன்னா பண்ணுது?"

"நான்தான் பஸ்ட்டு!"

"நீயா? விடியகாத்தால வச்சவ நானு!"

குடம் வாய் திறக்காது, குடத்துக்காரி திறப்பாள் என்பார்கள் எங்கள் தெருவில். அன்று எல்லோரும் திறந்தார்கள். எல்லோருமே முதல் ஆள். "நான்தான் எடுத்து வச்சேன்" என்று அழுதுகொண்டே கையைத் தூக்கினேன்.

எதிர்வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட பேஜாரே! கொடம் நிக்கிதுன்னா அங்க ஆளு நிக்கிதுன்னு அர்த்தம்மா. அத்த நிக்க வச்சிட்டுத்தான் நாங்க சோறாக்கப் போறது."

சண்டை ஓய்ந்து வரிசை மறுபடி நின்றதும், தன் வீட்டு மஞ்சள் குடம் ஒன்றைக் கொண்டுவந்து கடைசியில் வைத்தார். "இது உன் எடம். எவளாவது தள்னா கத்து. வாய் கீதுல்ல?"

என்னை ஆட்டத்தில் சேர்க்காத பெண் பிள்ளைகளில் ஒருத்தி வேண்டுமென்றே அதைக் காலால் தள்ளினாள்.

"ஏய்! அது என் எடம்!" என்று அலறினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "கொடந்தான் நிக்கிதே, நீ இன்னாத்துக்கு நிக்கிற? நொண்டி ஆட வர்றியா?"

குடம் நின்றது. நான் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன்.