அடிபடாமல் கன்றிய இடங்கள்

நான் எழுதிப் பழகியவள் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன் பிறகு எழுதியதெல்லாம் உறவினருக்குக் கார்டுகள்தான். உடம்பைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இடித்த நினைவே இல்லாத இடத்தில் ஒரு நீலத்தைப் பார்த்துவிட்டு, இதற்காகவா டாக்டரிடம் போவது என்று சேலையை இழுத்து மூடிக்கொள்ளும் ஒருத்தி எங்காவது இருப்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

முதல் நீலத்தை வைகாசித் தொடக்கத்தில் பார்த்தேன். இடது முன்கையில், புளியங்கொட்டை அளவு. குடத்தை இறக்கும்போது இடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலு நாளில் தொடையில் ஒன்று வந்தது, கெண்டைக்காலில் இரண்டு. வலி என்று சொல்ல முடியாது, அழுத்தினால் லேசாக நோகும். முதலில் ஊதா, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். ஒன்று மஞ்சளாவதற்குள் இன்னோர் இடத்தில் ஊதா வந்துவிடும்.

கொஞ்சம் அசதி இருந்தது. பல் துலக்கினால் எச்சிலில் சிவப்புத் தெரிந்தது. உமிக்கரியைச் சரியாகப் பொடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தை நானே தயாராக வைத்திருந்தேன்.

என் கணவர் தையல்காரர். வீடு மேலகரத்தில், மிஷின் தென்காசியில், கோயிலுக்குப் போகும் தெருவில். அதிகம் பேசமாட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் நான் பரிமாறும்போது கையைப் பார்த்து, “என்ன இது?” என்றார். “எங்கயாவது இடிச்சிருக்கும்” என்றேன். அன்றிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வெளி அறைக்குப் போய்விட்டார். உள்ளே புழுக்கம் என்றார். சாரல் காற்று தொடங்கியிருந்த நேரம் அது. ஒரு வாரம் கழித்து, அளவு எடுக்காமலே, மணிக்கட்டு வரை கை வைத்து இரண்டு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தார்.

ஆனி பிறந்ததும் மதினி வந்தார். என் கணவரின் அக்காள், பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். வருஷம் தவறாமல் சாரலுக்கு வந்து பத்து நாள் தங்கி, தினமும் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போவார். நான் மாசியில் வந்த காய்ச்சலிலிருந்து பத்தியத்தில் இருந்ததால் அருவியில் நனையக் கூடாது. மாற்றுத் துணியை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன்.

ஆறாம் நாள் மதினி குளித்து வந்து ஈரச் சேலையைப் பிழியக் கொடுத்தார். ரவிக்கைக் கை நனையக் கூடாதே என்று, யோசிக்காமல் மேலே சுருட்டிவிட்டேன்.

“என்னட்டி இது?”

“அருவி அடிச்சது மதினி.”

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் வந்த நாள்லேருந்து காயப்போட்ட வத்தல் மாதிரி கரையிலயே இருக்கே. அருவி எந்திரிச்சு இங்கன வந்து உன்னை அடிச்சுட்டுப் போச்சாக்கும்?”

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் கடையிலிருந்து வந்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை, மதினி பிடித்துக்கொண்டார்.

“ஏலே, கை நீட்டுதியா?”

“இல்லக்கா.”

“பிறகு எதுக்குலே இவளுக்கு மணிக்கட்டு மட்டும் ரவிக்கை? அம்மையும் இப்படித்தான் வருஷம் பூரா இழுத்துப் போத்திக்கிட்டு இருந்தா. எனக்கு மறந்துட்டுன்னு நினைச்சியா?”

என் மாமனார், மாமியாரை அடிப்பாராம். நான் வாழ வந்தபோது இருவரும் இல்லை, கேள்விதான். இவர் என் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ரவிக்கைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அதை மதினி வேறு விதமாக எடுத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

மதினி அடுக்களைக்குப் போன பிறகு அவர் மெல்லச் சொன்னார்: “தூக்கத்துல நான்தான் ஏதும் செய்யுதேனோன்னு பயம் வந்துட்டு. அப்பாவுக்கு இருந்த கைதான எனக்கும்.”

பாய் ஏன் வெளியே போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டரிடம் போகலாமா என்ற யோசனை எனக்கு முன்பே இருந்தது. புளியங்கொட்டை அளவு நீலத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால் சிரிக்கமாட்டார்களா என்பது ஒன்று. டாக்டரும் மதினி கேட்டதையே கேட்பார், வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் காதில் விழும் என்பது இன்னொன்று. போகாமல் இருந்தால் மதினி அதே எண்ணத்தோடு பாளையங்கோட்டைக்குப் போவார்; இவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை நீலத்தின் அளவைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அன்று வெளி அறைப் பாயைப் பார்த்தபோது, இது சிறிய விஷயம் இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை மூவரும் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மதினி காவலுக்கு வருவது போல வந்தார்.

டாக்டர் வயதானவர். என் கையைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

“யாரும்மா அடிச்சது?”

“யாரும் இல்ல ஐயா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

அந்நிய ஆண்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் நான் பேசியதில்லை. அன்று எப்படியோ வந்துவிட்டது. “போன மாசம் கல்யாணத் துணி தைக்க அவுக சுந்தரபாண்டியபுரத்துக்குப் போயி எட்டு நாள் இருந்தாக ஐயா. அந்த எட்டு நாள்ல புதுசா மூணு வந்தது. இடது தொடையில ரெண்டு, முழங்காலுக்குக் கீழ ஒண்ணு. பல் தேய்ச்சா ரத்தமும் வருது.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஈறுகளை ஒரு தட்டைக் குச்சியால் அழுத்திப் பார்த்தார். காலில் முடி முளைக்கும் இடங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அங்கே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நான் அவற்றைக் கவனித்ததே இல்லை.

“என்ன சாப்பிடுறீங்க?”

“சோறு, பருப்பு, நெய். புளியில்லாத மிளகு ரசம். சுண்டைவத்தல்.”

“காய், கீரை?”

“ஆகாது ஐயா.”

“பழம்? எலுமிச்சை?”

“புளிப்பே ஆகாது. பத்தியம்.”

பத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் என்னைக் காப்பாற்றியவர் எங்கள் ஊர் வைத்தியர். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள்தான் அவர் விதித்தது. பத்தியம் வைத்தவர் கையாலேயே அதை முறிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மண்டலம் முடியும் முன் அவர் காசி யாத்திரை போனார். ஒரு மாதத்தில் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. வைத்தியரின் மகனைக் கேட்டிருக்கலாம். அவர்கள் வீட்டு வாசல் வரை இருமுறை போய், கூப்பிடக் கூச்சப்பட்டுத் திரும்பினேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தியத்தைச் சொல்லி விருந்துகளுக்குப் போகாமல் இருந்தது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. போனால் பிள்ளை இல்லையா என்று கேட்பார்கள்.

இதில் பாதியைத்தான் டாக்டரிடம் சொன்னேன்.

“இப்ப வைத்தியர் எங்கே?”

“இன்னும் காசியிலதான் இருக்காராம்.”

“அவர் அங்கேயே முக்தி அடைஞ்சுட்டா நீங்களும் கூடவே போறதா உத்தேசமா?”

முதலில் சிரித்தது மதினிதான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஈறு தெரியுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இது ஸ்கர்வி (பழமும் பச்சைக் காய்கறியும் நெடுநாள் உண்ணாததால் சிறு ரத்தக் குழாய்கள் பலமிழந்து, பட்டும் படாமலும் ரத்தம் கசியும் நோய்) என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் கப்பலில் மாதக்கணக்காகப் போகிறவர்களுக்கு வருமாம். கப்பலைக் கண்ணால் பார்க்காமலே அதை வாங்கியவள் நான்தான் என்றார். வேறு ஏதும் இருக்கக் கூடாது என்று ரத்தமும் எடுத்துச் சோதித்தார். அதில் குறை இல்லை. தினம் இரண்டு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, கீரை. “மருந்து?” என்று மதினி கேட்டார். “நான் சொன்னதுதான் மருந்து” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி எலுமிச்சை பிழிந்தார். டம்ளர் முன்னால் வந்தபோது நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். யார் முறிப்பது? மதினி டம்ளரை என்னிடம் தரவில்லை. தம்பியிடம் நீட்டினார்.

“உன் கையாலயே குடுலே.”

இவர் வாங்கி எனக்குக் கொடுத்தார். நாலு மாதத்துக்குப் பிறகு புளிப்பு. பல்லெல்லாம் கூசியது. கண்ணில் நீர் வந்ததற்கு எலுமிச்சையைக் காரணம் சொன்னேன்.

ஒரு வாரத்தில் ஈறு கெட்டிப்பட்டது. அசதியும் போன பிறகுதான், எவ்வளவு அசதியாக இருந்தேன் என்று தெரிந்தது. நீலங்கள் மெல்லத்தான் போயின.

என்னைப் போல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும். இடித்த இடம் ஞாபகம் இருந்து, அது நாளுக்கு நாள் மங்கினால் பயமில்லை. ஞாபகமே இல்லாமல் புதிது புதிதாக வந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கண்டால், காட்டிவிடுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எதை விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிரிப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை.

முன்பெல்லாம் நாள் என்றால் எனக்குக் கிழமையும் பண்டிகையும்தான். தோலுக்கும் தனியாக ஒரு பஞ்சாங்கம் இருப்பதை இந்த நோயில் கண்டேன். ஊதா, பச்சை, மஞ்சள், பிறகு ஒன்றுமில்லை. இப்போது எங்கேனும் இடித்துக்கொண்டால் எந்த நிறத்தில் எத்தனை நாள் இருக்கும் என்று தெரிகிறது. முன்பு மூடி வைக்க மட்டுமே தெரிந்த உடம்பை இப்போது தினமும் ஒருமுறை பார்க்கிறேன்.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது தேடிப் பார்த்தேன். கெண்டைக்காலில் கடைசியாக இருந்த மஞ்சளும் போயிருந்தது. சாயங்காலம் அவரிடம் சொன்னேன். “சரி” என்றார்.

மறுநாள் பாயை உள் அறைக்குக் கொண்டுவந்து போட்டார்.